வீடு வாங்குமுன் கட்டடப் பரிசோதனை: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரத்தில் வீடு வாங்க முற்படுவோர், உறுதியைப் பார்ப்பதற்குச் சட்டத்தரணியிடம் போகிறார்கள். எல்லையைப் பார்ப்பதற்கு நில அளவையாளரை அழைக்கிறார்கள். கட்டடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் தங்கள் கண்ணையே நம்பிவிடுகிறார்கள். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் துணையாகப் போய்ப் பார்த்த வீடுகள் பல. அப்போது அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன்.

கட்டடப் பரிசோதனை என்பது என்ன? நாங்களே வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போதாதா?

வாங்குபவர் வீட்டைப் பார்க்கும்போது அறைகளின் அளவையும், தரை ஓட்டின் நிறத்தையும், வீதிக்கு உள்ள தூரத்தையும் பார்க்கிறார். பரிசோதிப்பவர் பார்ப்பது வேறு. அத்திவாரம் இறங்கியிருக்கிறதா, தூணுக்குள்ளும், சுவருக்கு மேல் கிடையாகப் போடும் கொங்கிறீட் வளைக்குள்ளும் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, கூரை மரம் தாங்குமா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மின்சார இணைப்பு உயிருக்கு ஆபத்தில்லாததா, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, படம் எடுத்து, எழுத்தில் தருவதே பரிசோதனை. சுவரை உடைத்தோ தரையைத் தோண்டியோ பார்ப்பது அதில் அடங்காது. ஆகவே கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் உள்ள குறையைப் பரிசோதனை காட்டித்தராமல் போகலாம். அது உத்தரவாதப் பத்திரமன்று. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவதற்கான வழி.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டார். இன்னொருவர் எதற்கு?

மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறார். கடன் திரும்பி வராவிட்டால் இந்த ஆதனத்தை விற்று எவ்வளவு பெறலாம் என்பதே அவர் விடை தேடும் கேள்வி. எங்கள் பகுதியில் பெறுமதியின் பெரும்பங்கு காணிக்கே உரியதாக இருப்பதால், கட்டடத்தில் பெரிய குறை இருந்தாலும் மதிப்பீட்டு அறிக்கையின் தொகை அதிகம் மாறாமல் இருக்கக்கூடும். வங்கி கடன் தர ஒப்புக்கொண்டது என்பதை வீடு நல்லது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தவறான புரிதலைத்தான் நான் மிக அதிகமாகச் சந்தித்திருக்கிறேன்.

யாரை அழைக்க வேண்டும்?

சில நாடுகளில் வீட்டுப் பரிசோதகர் என்றே தனித் தொழில் இருக்கிறது. இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் குடிசார் பொறியியலாளரோ, அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரோ செய்கிறார். மாடி வீடு, கொங்கிறீட் தட்டுக் கூரை, பெரிய வெடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பட்டயப் பொறியியலாளர் ஒருவரையே அழையுங்கள். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாட்டில் பொறியியலாளராகத் தொழில் செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. சாதாரண ஓட்டுக்கூரை வீடு என்றால், நல்ல மேசன் ஒருவரும், கூரை மரத்தைப் பார்க்கத் தெரிந்த ஓடாவி ஒருவரும், மின்னிணைப்பாளர் ஒருவரும் சேர்ந்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும்.

தகைமையைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. பார்ப்பவர் விற்பவரின் ஆளாகவோ, தரகர் கொண்டுவந்தவராகவோ, அந்த வீட்டைக் கட்டியவராகவோ இருக்கக்கூடாது. திருத்த வேலையைத் தானே எடுத்துச் செய்ய விரும்புபவராகவும் இல்லாதிருந்தால் நல்லது. கூலியை நீங்கள் கொடுங்கள். தொகையையும், எவற்றையெல்லாம் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உறவுக்காரர் இலவசமாகப் பார்த்துச் சொல்வது நன்மனதோடு செய்யும் உதவிதான். ஆனால் அவருக்கு விற்பவரையும் தெரிந்திருந்தால், முகத்துக்காகச் சில குறைகளைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

முற்பணம் கொடுப்பதற்கு முன்பா, பின்பா?

முன்பு. பணம் கைமாறிய பின்னர் கண்டுபிடிக்கும் குறை, பேரம் பேசும் பலத்தை உங்களுக்குத் தராது. வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற அவசரத்தில் முற்பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், விற்பனை உடன்படிக்கையில் கட்டடப் பரிசோதனைக்கு இத்தனை நாள் அவகாசம் என்றும், பெரிய குறை வெளிப்பட்டால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்றும் ஒரு நிபந்தனையைச் சட்டத்தரணி மூலம் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லப்படும் வாக்குறுதி பின்னர் நிற்பதில்லை.

எந்தக் காலத்தில் பார்ப்பது நல்லது?

எங்கள் பகுதிக்கு இதுவே முதன்மையான கேள்வி. எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை வீட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை ஆண்டு மழையின் பெரும்பகுதியைச் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அப்போது வளவில் நீர் நிற்பதும், குழி நிரம்பி மலசலகூடம் இறங்காமல் போவதும், கூரை ஒழுகுவதும், சுவர் ஈரம் ஏறுவதும் தெரியும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் அதே வீடு வெள்ளை வெளேரென்று உலர்ந்து நிற்கும். ஆனால் கிணற்று நீர் அடியில் போய் உவர் ஏறியிருக்கும். மழைக்காலத்தில் போனவர் கிணற்றின் குறையைக் காணமாட்டார். கோடையில் போனவர் வெள்ளத்தின் குறையைக் காணமாட்டார்.

இங்கே வீடு வாங்குவது பெரும்பாலும் மகளின் கல்யாணத்தை ஒட்டியே நடக்கிறது. சீதன வீடு இல்லாமல் பேச்சு முற்றாகாது என்ற வழக்கம் எங்களிடம் ஆழமாக இருப்பதால், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னர் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் ஓடித்திரிந்து வாங்குகிறார்கள். அது கடுங்கோடை. என் தங்கைக்கும் நாங்கள் அப்படித்தான் ஓர் ஆனி மாதத்தில் வீடு வாங்கினோம். அந்தக் கார்த்திகையில் முதல் பெருமழையோடு மலசலகூடக் குழி நிரம்பி, கழிவு நீர் குளியலறைக்குள் திரும்பி வந்தது. தொழில் தெரிந்த நானே வளவின் மட்டத்தை அளந்து பார்க்காமல் விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது.

முடியுமானால் இரு காலத்திலும் பாருங்கள். முடியாவிட்டால், பார்க்காத காலத்தின் அடையாளங்களைத் தேடுங்கள்.

கோடையில் போகும்போது, வெள்ளம் வந்த வீடா என்று எப்படி அறிவது?

புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரை முதலில் சந்தேகியுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மட்டும் பூச்சு வேறுபட்டிருந்தாலோ, வெண்ணிற உப்புப் படிந்திருந்தாலோ, பூச்சு பொருமிக் கையோடு உதிர்ந்தாலோ, அந்த இடம் ஈரம் கண்ட இடம். உட்சுவரில் மறைத்தவர்கள் மதிலின் வெளிப்பக்கத்தையும், கிணற்றுக் கட்டையும், நீர்ப்பம்பி அறையையும் மறைக்க நினைப்பதில்லை. பழைய நீர்மட்டக் கோடு அங்கே தெரியும். கதவு நிலைகளின் அடிப்பகுதியைக் கத்தி முனையால் அழுத்திப் பாருங்கள். அலமாரிகளும் குளிர்சாதனப் பெட்டியும் கல்லின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்த வீட்டு அம்மாவிடம் பேசுவது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது. "இங்கே வெள்ளம் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "வராது" என்றே சொல்வார்கள். "2011 தை மாதம் எங்கே போய் இருந்தீர்கள்? 2024 கார்த்திகையில் படலை வரை வந்ததா, வாசற்படி வரை வந்ததா?" என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரும், அவரது பிரிவில் எந்த வீதி முதலில் மூழ்கும் என்பதை நன்றாக அறிந்திருப்பார். வாவி ஓரத்து வீடென்றால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் வெட்டித் திறக்கப்படும் வரை நீர் எத்தனை நாள் நின்றது என்பதையும் கேளுங்கள்.

வீதியின் மட்டத்தைப் பாருங்கள். பல ஊர்களில் வீதிகள் கொங்கிறீட்டாலும் காபெற்றாலும் மேலும் மேலும் உயர்த்தப்பட்டதால், முன்பு வெள்ளமே காணாத வளவுகள் இப்போது கிண்ணம் போலக் கீழே கிடக்கின்றன. வீட்டின் தரை வீதியைவிட உயரமாக இருப்பது மட்டும் போதாது. வளவில் விழும் மழை எங்கே போகும் என்பதற்கு விடை இருக்க வேண்டும்.

நிரப்பிய காணியில் கட்டிய வீட்டை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதை நிரப்பினார்கள், எப்போது நிரப்பினார்கள் என்பது தெரிய வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரை பெரும்பாலும் சுமையைச் சீராகத் தாங்கும். வாவி ஓரத்துச் சேற்று நிலத்தையும் வயலையும் கிரவல் போட்டு உயர்த்திய இடங்கள் அப்படியல்ல. நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக அழுத்தாமல், ஒரு மழைக்காலமும் கடக்கவிடாமல், உடனே அத்திவாரம் போட்டிருந்தால், வீட்டின் ஒரு மூலை மற்றதைவிட அதிகமாக இறங்கும். வயற்காணி என்றால் இன்னொரு விடயமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் வெடிப்பு இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை?

மயிரிழை போன்ற வெடிப்புகள், குறிப்பாகப் பூச்சின் மேல் வலை போலப் பரந்திருப்பவை, சீமெந்து உலரும்போது சுருங்கியதால் வந்தவை. வளைக்கும் அதன் கீழுள்ள சுவருக்கும் இடையே நேராக ஓடும் மெல்லிய கோடும் அப்படித்தான். இவற்றுக்காக ஒரு நல்ல வீட்டைக் கைவிட வேண்டியதில்லை.

யன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக ஏறும் வெடிப்பும், ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும் வெடிப்பும், சுவரின் இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பும் அத்திவாரத்தின் அசைவைச் சொல்கின்றன. அகலம் 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் பொறியியலாளர் பார்க்காமல் மேற்கொண்டு பேசாதீர்கள். அருகிலுள்ள கதவு உரசுகிறதா, தரை ஓடு பிளந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் அசைவு ஒரே இடத்தில் மட்டும் தன்னைக் காட்டாது. வெடிப்பு பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதே அடுத்த கேள்வி. அதன் முனையில் பென்சிலால் ஒரு கோடும் திகதியும் இட்டு, சில வாரங்கள் கழித்துப் பார்ப்பது எளிய வழி.

கொங்கிறீட் வீடு உறுதியானதுதானே? அதில் எதைப் பரிசோதிப்பது?

கடலோரத்தில் கொங்கிறீட்டின் எதிரி உப்பு. நல்ல கொங்கிறீட் தன்னுள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால் கடல் மணலைக் கழுவாமல் கலந்திருந்தாலோ, உவர்க் கிணற்று நீரால் குழைத்திருந்தாலோ, கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கொங்கிறீட் மெல்லியதாக இருந்தாலோ, உப்பிலுள்ள குளோரைட்டு கம்பியை அடைந்து அந்தக் காப்பை உடைத்துவிடும். துருவாகும் இரும்பு, முன்பு பிடித்திருந்ததைவிடப் பல மடங்கு இடத்தைக் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளும்போது கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக ஒரு வெடிப்பு வரும். பிறகு கபில நிறக் கறை இறங்கும். பிறகு கொங்கிறீட் துண்டாக விழும். வெளியே கறை தெரியும் நேரத்தில் உள்ளே வேலை பல ஆண்டுகள் நடந்திருக்கும்.

ஆகவே தட்டுக் கூரையின் அடிப்பக்கத்தையும், யன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் மழைத்தட்டுகளையும், மாடிப்படியின் கீழ்ப்பக்கத்தையும், கடலைப் பார்த்து நிற்கும் தூண்களையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். திடமான இடம் "ணங்" என்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொள்ளென்று ஒலிக்கும். தண்ணீர்த் தாங்கி தட்டின் மேல் இருந்தால், அதன் நேர் கீழே பாருங்கள். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் அது ஒரு தொன் எடை. அந்தச் சுமை வளையின் மேல் இருக்கிறதா, தட்டின் நடுவில் இருக்கிறதா என்பது முக்கியம்.

கல்லடி, நாவலடி போன்று கடலுக்கு அண்மிய இடங்களில் கேற்றும் யன்னல் கிறில்லும் எந்த வேகத்தில் அரிக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தாலே காற்றிலுள்ள உப்பின் அளவை ஊகிக்கலாம். துருவைச் சுரண்டி, மேலே சீமெந்து பூசி, பெயின்ற் அடித்து மறைத்த தட்டுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பூச்சின் நிறமோ சொரசொரப்போ ஓரிடத்தில் மாறியிருந்தால், அந்த இடத்தைத் தட்டாமல் திரும்பாதீர்கள்.

மேல்மாடி கட்டலாம் என்று தூணில் கம்பி விட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

கம்பி விட்டிருப்பது எண்ணத்தைக் காட்டுகிறது. அத்திவாரம் அதற்கேற்ப அமைக்கப்பட்டதா என்பதைக் காட்டவில்லை. அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தில் மாடி காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரைபடமே இல்லை என்றால், மாடி கட்டும் எண்ணத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகள், மகள் பிறந்த காலத்தில் அத்திவாரம் போட்டு, கையில் காசு வரும்போதெல்லாம் சுவர் எழுப்பி, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தபோது தட்டுப் போட்டு முடித்தவை. தந்தையின் உழைப்பு செங்கல்லாக நிற்கும் அந்த வீடுகளின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் பழைய பகுதியும் புதிய பகுதியும் இணையும் இடத்தில் வெடிப்பு வரும் என்பதையும், உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்காக வெளியே நின்ற கம்பி மெலிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தப் பகுதி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூரையில் எதைப் பார்க்க வேண்டும்?

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதன் பின்னர் இலங்கையைக் காற்றின் வேகத்துக்கேற்ப மூன்று வலயங்களாகப் பிரித்தபோது, கிழக்குக் கரையே மிகக் கடுமையான வலயத்தில் வைக்கப்பட்டது. சாதாரணக் கட்டடங்களுக்கே விநாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர் வேகக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஆகவே கூரை மழையைத் தடுக்கிறதா என்பதோடு, சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுவரின் மேல் படுக்கும் மரம் வளைக்குள் புதைத்த போல்ற்றாலோ இரும்புப் பட்டியாலோ பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே வைத்து, மேலே கைமரம் ஆணியடித்த கூரைகள் இன்னும் இருக்கின்றன.

சீலிங் அடித்திருந்தால் ஓரிடத்தைத் திறந்து உள்ளே ரோச் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் வெடிப்பும் பழைய ஆணித் துளைகளும் உள்ளனவா என்று கீழிருந்து பாருங்கள். பழைய சீற்றின் மேல் யாரையும் ஏறி மிதிக்க விடாதீர்கள், அது சட்டென்று உடையும். உடைக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குப் பெரும் கேடு என்பதால், பின்னர் கூரையை மாற்றும் செலவையும் பாதுகாப்பையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறையான்?

நிலைகளின் அடி, சீலிங்கின் மூலை, சுவரலமாரியின் பின்பக்கம் ஆகியவற்றில் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மண்குழாயைத் துடைத்துவிட்டால் அடையாளம் போய்விடும். அதனால் மரத்தைத் தட்டி ஒலியைக் கேட்பதே சரியான வழி. முற்றிய பனை மரத்தைவிட, பிற்காலத்தில் இடையில் செருகப்பட்ட மலிவான மரமே முதலில் அரிபடும்.

கிணற்றையும் மலசலகூடக் குழியையும் எப்படிப் பரிசோதிப்பது?

இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். மணற்றரையில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கிறது; குழியிலிருந்து கசிவது மணலினூடே எளிதாகக் கிணற்றுக்குப் போகும். 50 அடி தூரமாவது வேண்டும் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் அளவு. 10 பேர்ச்சஸ் காணியில் அந்தத் தூரத்தை உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையே பேண முடிந்தாலும், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டின் குழி உங்கள் கிணற்றிலிருந்து 15 அடியில் இருக்கலாம். மதிலின் மறுபக்கத்தையும் எட்டிப் பாருங்கள்.

நீரைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் பரிசோதித்துக்கொள்ளலாம். 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈகோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யாதீர்கள், ஏனெனில் நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியாக வரும் பகுதியென்றால் கவலை குறைவு. ஆனால் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது, நிலுவை உண்டா என்று பாருங்கள்.

குழியை எந்த ஆண்டு கட்டினார்கள், கடைசியாக எப்போது பவுசர் வந்து எடுத்தது, மழைக்காலத்தில் எத்தனை முறை எடுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். மூடியின் மேல் பிற்காலத்தில் அறை கட்டி, குழியே வீட்டுக்குள் போய்விட்ட இடங்களும் உண்டு. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, மலசலகூடத்தில் பல வாளி நீர் ஊற்றி, இறங்கும் வேகத்தைப் பாருங்கள்.

மின்சாரம்?

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ரிப் சுவிச்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால், அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது ரிப் சுவிச்சே இல்லாவிட்டால், அந்த வீட்டில் குழந்தைகளைக் குடியிருத்துமுன் அதைச் சரிசெய்ய வேண்டும். மின்கசிவிலிருந்து மனிதரைக் காக்கும் ரிப் சுவிச் 30 மில்லி அம்பியரில் இயங்குவது. கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் கொண்டுபோகும் நிலத்தொடுப்புக் கம்பி இருக்கிறதா என்பதோடு, மின்னிணைப்பாளர் கருவியால் அதை அளந்தும் பார்க்க வேண்டும். காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது என்பதால், மார்கழியில் சரியாக இருக்கும் நிலத்தொடுப்பு ஆவணியில் பயனற்றுப் போகக்கூடும்.

கடற்கரை அருகிலும் சுனாமி வீட்டுத்திட்டத்திலும் வாங்குவோர் மேலதிகமாக எதைப் பார்க்க வேண்டும்?

உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயத்துள் வருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அங்கு கட்டுவதற்கும் கூட்டிக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் திராய்மடு போன்ற இடங்களில் எழுந்த குடியிருப்புகளில், கட்டடத்தின் தரம் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகிறது. ஒரே வரிசையில் ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் என்பதால், அயல் வீடுகளில் வந்த குறையைப் பார்த்தாலே உங்கள் வீட்டில் வரப்போவதை அறியலாம்.

அங்கே காணி உரிமை எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் சட்டத்தரணி பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. எந்தப் பொறியியலாளரின் அறிக்கையும் அந்தக் குறையை நிவர்த்திக்காது.

புத்தம் புதிய வீட்டுக்கும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும். புது வீடு இன்னும் ஒரு மாரியைக்கூடக் காணவில்லை. உள்ளூராட்சி சபை அங்கீகரித்த வரைபடமும், கட்டி முடித்ததற்கான இணக்கச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தட்டுக் கூரையின் நீர்வழியை அடைத்து, ஒரு நாள் நீர் கட்டி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்க்க, விற்பதற்கென்றே கட்டுபவர் மறுப்புச் சொல்லக் கூடாது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். மச்சான் பார்த்துவிட்டு நல்ல வீடு என்கிறார். போதுமா?

மச்சானின் அன்பில் குறையில்லை. ஆனால் அவர் தலையில் இந்தப் பொறுப்பு முழுவதையும் ஏற்றாதீர்கள். பின்னர் வீடு ஒழுகினால் உறவும் சேர்ந்தே ஒழுகும். எழுத்து மூலமான அறிக்கையும், ஒவ்வொரு குறைக்கும் கிட்டவும் எட்டவும் எடுத்த படங்களும் உங்களுக்கே நேராக அனுப்பப்பட வேண்டும் என்று பரிசோதிப்பவரிடம் கேளுங்கள். பரிசோதனை நடக்கும்போது காணொளி அழைப்பில் இருங்கள். விற்பவரும் வெளிநாட்டில் இருந்து, அற்றோணித் தத்துவம் பெற்றவர் விற்கிறார் என்றால், வீடு எத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்தது என்பதை முதலில் கேளுங்கள். ஆளில்லாத வீட்டில் ஓடு நகர்ந்ததையும், பீலி அடைத்ததையும், மதிலோரத்து ஆலங்கன்று வேரிறக்கியதையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அறிக்கையைக் காட்டி விலை குறைக்கக் கேட்பது முறையா?

முறைதான், மரியாதையோடு கேளுங்கள். எல்லாக் குறைகளையும் ஒன்றாகக் கூட்டி, "உங்கள் வீடு சரியில்லை" என்று சொல்லாதீர்கள். உயிராபத்தானவை, உடனே திருத்த வேண்டியவை, சில ஆண்டில் செலவு தரக்கூடியவை, சாதாரணப் பராமரிப்பு என்று பிரித்து, முதல் இரண்டுக்கும் மேசனிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மதிப்பீடு எடுத்து, அந்தத் தொகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். விற்பவரே திருத்தித் தருவதைவிட, விலையைக் குறைத்துக்கொண்டு நீங்கள் திருத்துவது நல்லது. விற்றுவிட்டுப் போகிறவர் செய்விக்கும் திருத்தம் பூச்சோடு நின்றுவிடும்.

விற்பவர் பரிசோதனைக்கே விடமாட்டேன் என்றால்?

சிலர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவர் மூலம் பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் இணங்குவார்கள். அதற்கும் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

வாங்கிய பிறகு மறைத்த குறை தெரியவந்தால் சட்டம் உதவுமா?

மறைந்திருந்த குறைக்கு விற்றவர் பொறுப்பாகலாம் என்ற கொள்கை எங்கள் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆனால் குறை விற்பனைக்கு முன்பே இருந்தது என்பதையும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாதது என்பதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். வழக்கு முடியும் காலத்தையும் செலவையும் பார்த்தால், பரிசோதனைக் கூலி மிகச் சிறியது.

உறுதி முடிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை போக வேண்டுமா?

போக வேண்டும், உறுதி எழுதும் நாளன்று காலையே போவது சிறந்தது. பேசியபோது இருந்த நீர்ப்பம்பி, தண்ணீர்த் தாங்கி, மின்விசிறிகள், கதவுகள் அப்படியே இருக்கின்றனவா என்று, முதல் நாள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்மானியினதும் நீர்மானியினதும் எண்களை இருவருமாகக் குறித்துக்கொண்டு, சோலைவரி உட்பட நிலுவைகள் கட்டிய பற்றுச்சீட்டுகளை வாங்குங்கள். குழிமூடி எங்கே, நிலத்தடியில் குழாய் எந்த வழியால் போகிறது என்பதை விற்பவரைக் கொண்டே ஒரு தாளில் வரைவித்து வையுங்கள். அவர் போன பிறகு அதைச் சொல்ல வேறு ஆள் இருக்கமாட்டார்.